பெட்டிக்கு முன்னாடி வந்த படம்

போன மாதம் கவிதா போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த விளக்குத் தொழிற்சாலையில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கிற பெண். "புவனா ஆன்டி, கம்பெனியில நினைவு மலர் ஒண்ணு போடுறோம். கம்ப்யூட்டர்ல சூடு கணக்குப் போடுறது நம்ம இடத்துக்கு முதல்ல எப்படி வந்துச்சுன்னு நீங்க எழுதித் தாங்க லா" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு விளக்கைக் கையால் தொடுவதற்கு முன்பே அது எங்கே சுடும், எவ்வளவு சுடும் என்று திரையில் பார்த்துவிடுகிறார்கள். அப்படி இல்லாத ஒரு காலம் இருந்தது என்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

"அதைக் கொண்டுவந்தது தேவிகா, அவளைக் கேளுங்க" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? கேட்டது என்னை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இதைப் பொறாமை இல்லாமல் எழுத எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவிகா மேல் எனக்குப் பொறாமை. அன்றைக்கும் பொறாமை, இன்றைக்கும் பொறாமை. வயசாகிவிட்டது, எல்லாம் ஆறிப்போச்சு என்று எழுதினால் கவிதாவின் மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் எதுவும் ஆறவில்லை.

நான் இந்த மலாய் மண்ணில், பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் சுங்கைவே பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்தேன். சாயங்காலம் படித்து டிப்ளோமா வாங்கினேன். எண்பதுகளின் நடுவில் ஷா ஆலாமில் இந்த விளக்குத் தொழிற்சாலைக்கு வந்தேன். அந்த வருஷங்களில் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை, கண்வலியைத் தவிர.

இங்கே எனக்குக் கிடைத்தது ஒரு அறை. மலாய்க்காரப் பிள்ளைகள் அதற்கு பிலிக் பானாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சூட்டு அறை. குழல் விளக்கை மடித்து, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து, கிண்ணத்துக்குள் பிஸ்கட் அளவு பலகையில் எலக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் அடைத்துச் சின்ன விளக்கு செய்யத் தொடங்கிய காலம் அது. அந்தப் பலகையில் கெப்பாசிட்டர் என்று ஒரு சின்ன உருளை இருக்கும். அதற்குள் ஈரம். சூடு ஏற ஏற ஈரம் வற்றும், வற்றினால் விளக்கு செத்துப்போகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. நம் வீடுகளில் விளக்கு தலைகீழாகத்தான் தொங்கும். குழல் கீழே, கிண்ணம் மேலே. குழலின் சூடு அத்தனையும் நேராகக் கிண்ணத்துக்குள்தான் போகும். அடுப்புக்கு மேலே கட்டின பரணில் வெண்ணெயை வைத்த மாதிரி.

அந்த வெண்ணெய் எவ்வளவு உருகுது என்று பார்ப்பது என் வேலை. தலைமுடி மாதிரி மெல்லிய இரண்டு கம்பிகளை நுனியில் ஒட்டவைத்து, அந்த நுனியைக் கெப்பாசிட்டரின் தலையில் ஒரு பொட்டுப் பசையால் பிடிக்க வைக்கணும். பசை கூடினால் அதுவே சூட்டை வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கம்பி காற்றில் நிற்கும். கிண்ணத்தில் ஊசி போகிற அளவு ஓட்டை போட்டுக் கம்பியை வெளியே எடுத்து, ஓட்டையை அடைக்கணும். அடைக்காமல் விட்டால் சூடான காற்று அந்த வழியாகத் தப்பித்து, விளக்கு நல்ல பிள்ளை மாதிரி வேஷம் போடும். அப்புறம் உள்ளே கறுப்பு அடித்த ஒரு மரப்பெட்டியில் விளக்கைத் தொங்கவிட்டு, காற்று அசையாமல் இருக்க ஏர்கானை அடைத்துவிட்டு, மீட்டரில் எண் ஏறி ஏறி நிற்கிற வரைக்கும் காத்திருக்கணும். அந்த நேரத்தில் என் அறைக் கதவை யாராவது திறந்தால் அவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை வேறு. மேனேஜர்களே கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் பெரியவர் அருளானந்தம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே இங்கே வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். சாரும் முதலில் அரசாங்கத்தில் இருந்துவிட்டுத்தான் இங்கே தலைமை என்ஜினியராக வந்தார். டை கட்டாமல் ஒரு நாள் பார்த்ததில்லை. நாற்காலியில் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். ஆபீஸில் எப்போதும் இங்கிலீஷ்தான் பேசுவார். கோபமோ பாசமோ வந்தால் மட்டும் யாழ்ப்பாணத் தமிழ் எட்டிப் பார்க்கும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்கால டீக்கு என் அறைக்கு வருவார். வந்ததும், எண் ஏறி நிற்பதற்கு முன்பே, டீக்கோப்பையின் தட்டை எடுத்து மீட்டரின் எண் தெரியாமல் முன்னால் நிறுத்தி மறைப்பார். அதற்குப் பிறகுதான் கேட்பார்.

"பிள்ளை, எவ்வளவு வருமெண்டு நினைக்கிறாய்?"

விளக்கை மட்டும் பார்த்துவிட்டு நான் ஒரு எண் சொல்லணும். கிண்ணம் எவ்வளவு உயரம், கெப்பாசிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கு, பக்கத்தில் எது சுடுது, எல்லாவற்றையும் மனசில் ஓட்டிப் பார்த்துச் சொல்லணும். சொன்ன பிறகு, எண் ஏறி நின்றதும் தட்டை எடுப்பார். கிட்டத்தில் இருந்தால் "ம்" என்பார். தூரத்தில் இருந்தால், "ஏன் அப்படி நினைச்சனி?" என்று கேட்டுவிட்டு டீ ஆறுகிற வரைக்கும் என் பதிலுக்காகக் காத்திருப்பார். திட்டமாட்டார். அந்தக் காத்திருப்பே போதும், அடுத்த தடவை ஒழுங்காக யோசிப்பதற்கு. வருஷக்கணக்கில் அப்படி நடந்தது. கடைசியில் தட்டை எடுக்கிற போது மேனேஜர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு நான் ஆகியிருந்தேன். அந்த "பிள்ளை" என்கிற அழைப்பு ஃபேக்டரியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. அதை நான் பிரமோஷனை விடப் பெரிதாக வைத்திருந்தேன்.

பிரமோஷனும் வரும் என்றுதான் நம்பினேன். சூட்டுச் சமாச்சாரங்களுக்கு என்று தனிப் பிரிவு தொடங்கப் போகிறார்கள், அதற்குத் தலைமை வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. வேறு யார் இருக்கிறார்கள்? மனசுக்குள் நாற்காலியைக் கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தேவிகா வந்தாள். கிள்ளான் பெண். அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். யுனிவர்சிட்டியில் படித்து நேராக என்ஜினியராக வந்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே அவளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், சூட்டைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற வித்தையைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி. அனுப்பியது அருளானந்தம் சார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுபாங் ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வழியனுப்பப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலியும் வந்தது, பொய் இல்லை.

திரும்பி வந்தவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, அதற்கு ஒரு அறை வந்தது, அந்த அறைக்கு ஏர்கான் வந்தது. நான் ஏர்கானை அடைத்துவிட்டு வேர்த்து வடிகிற வேலை செய்கிறேன், அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுற்றுகிற நாற்காலி வேறு. அது போதாதென்று அழகான முடி. மத்தியானச் சாப்பாட்டில் அவள் கொண்டு வருகிற நண்டுப் பிரட்டல் என் வீட்டு நண்டுப் பிரட்டலை விட நன்றாக இருந்தது. எல்லாவற்றிலும் ஒருத்தி நம்மை மிஞ்சினால் மனுஷி என்னதான் செய்வாள்?

அவள் வேலை என்ன என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் ஒழுங்கு இப்படித்தான் இருந்தது: டிசைன் போடுவார்கள், கிண்ணத்துக்கான அச்சை இரும்பில் வெட்டுவார்கள், விளக்கு செய்வார்கள், அப்புறம் என் பெட்டிக்கு வரும். நான் ஃபெயில் என்பேன். மறுபடி அச்சைச் செதுக்குவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி வருவார்கள். தேவிகா அச்சு வெட்டுவதற்கு முன்பே விளக்கைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினாள். கிண்ணம் இவ்வளவு கனம், பலகை இங்கே, கெப்பாசிட்டர் அங்கே என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டே கிடக்கும். காலையில் வந்தால் கலர் படம் தயாராக இருக்கும். சுடுகிற இடம் சிவப்பு, அப்புறம் மஞ்சள், பச்சை, குளிர்ந்த இடம் நீலம். சாரின் தட்டை நான் மனசால் தூக்கிப் பார்த்த வேலையை அவள் எல்லாரும் பார்க்கிற மாதிரி திரையில் போட்டுக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

அதிலும் ஒரு கொடுமை இருந்தது. ஒவ்வொரு சாமானும் எவ்வளவு சூடு விடும் என்ற கணக்கு கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லணும். அந்தக் கணக்கு இருந்தது என்னிடம்.

"அக்கா, நீங்க அளந்து வெச்சிருக்கிறதைத் தந்தாத்தான் என் படம் நிக்கும். இல்லாட்டி சும்மா கலர் பென்சில்தான்" என்று வந்து நின்றாள், கையில் நண்டுப் பிரட்டலோடு.

கொடுத்தேன். மனசு விசாலம் என்று நினைக்க வேண்டாம். கொடுக்கவில்லை என்றால் அவள் ஏதாவது புத்தகத்தைப் பார்த்துத் தப்பான எண்ணைப் போடுவாள், அது என் அறையிலிருந்து வந்தது என்று ஆகிவிடும். நண்டையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவள் அறைக்குப் போவேன். "வாங்கக்கா, பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள். எதையும் மூடி மறைக்கத் தெரியாதவள். நான் போனது தப்புக் கண்டுபிடிக்க. எங்கேயாவது ஒரு இடத்தில் இவள் கோட்டை விடுவாள், அதை எல்லார் முன்னாலும் எடுத்து வைக்கணும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன்.

ஒரு நாள் கிடைத்தது. ஒரே விளக்கை முழு வெளிச்சத்தில் ஒரு தடவையும், பாதி வெளிச்சத்தில் ஒரு தடவையும் போட்டிருந்தாள். பாதி வெளிச்சத்தில் சூடு எவ்வளவோ குறைவு. ஆனால் இரண்டு படமும் ஒரே மாதிரி சிவந்து கிடந்தது. படத்தின் ஓரத்தில் கலர்ப் பட்டை ஒன்று நிற்கும், பக்கத்தில் எண் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த மெஷின் ஒவ்வொரு படத்திலும் எது அதிகம் சுடுகிறதோ அதற்குச் சிவப்பைக் கொடுத்துவிடும். ஒரு படத்தில் சிவப்பு என்றால் ஒரு சூடு, அடுத்த படத்தில் அதே சிவப்பு வேறு சூடு. எண்ணைப் படிக்கிறவளுக்கு அது பிரச்சினை இல்லை. தேவிகா எண்ணைப் படிக்கிறவள், அதனால் அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. கலரை மட்டும் பார்க்கிறவன் ஏமாந்து போவான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். சமயம் வரும்.

சமயம் வந்தது. சேல்ஸ்காரர்கள் புது விளக்கு ஒன்று கேட்டார்கள். கடையில் இருக்கிற மற்ற எல்லா விளக்கையும் விடக் குட்டையாக இருக்கணும், கண்ணாடிக் குண்டுக்குள் அடங்கணும். டிசைன்காரர்கள் கிண்ணத்தைக் குட்டையாக்க, கெப்பாசிட்டரைப் பலகையில் படுக்க வைத்தார்கள், குழல் நுனிக்கு நேர் மேலே. தேவிகா படம் போட்டாள். படுக்க வைத்தால் தாங்காது என்று வந்தது. நிமிர்த்தி, விளக்கின் கழுத்துக்குள் ஏற்றி, குழலுக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று வைத்து மறுபடி படம் போட்டாள். தாங்கும் என்று வந்தது. ஆனால் கிண்ணம் ஒரு நக அளவு உயரும், அச்சு வரைபடத்தை மாற்றணும். அச்சுக்கான இரும்பு மெஷினில் ஏறித் தயாராக இருந்தது.

நானும் என் மனசில் ஓட்டிப் பார்த்தேன். படுக்க வைத்த கெப்பாசிட்டர் வெந்து போகும். எனக்குச் சந்தேகமே இல்லை.

மீட்டிங் வைத்தார்கள். டைரக்டர் லிம் வந்தார். நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடிதான் எதையும் கேட்பார். அருளானந்தம் சார் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நான். தேவிகா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

இரண்டும் சிவப்பு. இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தது. என் முந்தானை முடிச்சை நான் அவிழ்க்காமலேயே அது அவிழ்ந்துகொண்டது.

டைரக்டர் பார்த்தார். "இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு. என்ன வித்தியாசம்?" என்றார் இங்கிலீஷில்.

தேவிகா எண்களை வாசித்தாள். அவர் எண்களைக் கேட்கிற ஆள் இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி வாசித்தாள், குரல் கொஞ்சம் இறங்கியது. சேல்ஸ்காரர் ஒருவர் சிரித்தார். தேவிகா அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டே நின்றாள். எவ்வளவு நாளாக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

டைரக்டர் எழுந்தார். "பரவாயில்லை லா. மெஷின் புதுசு, இன்னும் சரியா வரலை. நம்ம புவனா இருக்காங்க. அச்சை வெட்டுங்க. சரியில்லைன்னா புவனா அப்புறம் சொல்லுவாங்க."

என் காதுக்குத் தேன் மாதிரி இருந்திருக்கணும். கம்ப்யூட்டர் வேண்டாம், புவனா போதும் என்று டைரக்டர் வாயால் வந்திருக்கிறது. வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்த "அப்புறம்" தொண்டையில் முள் மாதிரி மாட்டியது. இத்தனை வருஷமும் நான் அப்புறம் சொல்கிறவள். அச்சு வெட்டின அப்புறம், விளக்கு செய்த அப்புறம், எல்லாரும் முடிவு எடுத்த அப்புறம். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வேலை. தேவிகாவின் சுற்றுகிற நாற்காலி மேல் எனக்கு ஆசை இல்லை, ஏர்கான் மேல் ஆசை இல்லை. அவள் முன்னாடி சொல்கிறாள். எனக்கு எரிந்தது அதுதான் என்று அந்த இடத்தில்தான் எனக்கே விளங்கியது.

இன்னொன்றும் இருந்தது. தேவிகாவை மட்டந்தட்டணும் என்றால் அதைச் செய்ய வேண்டியது நான். அவள் கணக்கை விளங்கி, அதில் ஓட்டை எங்கே என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கலரைப் பார்த்துத் தலையாட்டுகிறவன் அவளை ஜெயிப்பதா? என் எதிரியைக் கண்டவனும் அடிக்க நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"பாஸ், கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

டைரக்டர் வாசலில் நின்றார்.

"ரெண்டு பள்ளிக்கூடத்துல ரெண்டு பிள்ளைங்க ஃபர்ஸ்ட் வந்திருக்காங்க. ஒண்ணு தொண்ணூறு மார்க், இன்னொண்ணு அறுபது. ரெண்டு ரிப்போர்ட்லயும் ஃபர்ஸ்ட்னுதான் போட்டிருக்கும். இந்த மெஷினும் அப்படித்தான். எந்தப் படத்துல எது அதிகமா சுடுதோ அதுக்குச் சிவப்பு குடுத்துடும். இந்தச் சிவப்பும் அந்தச் சிவப்பும் ஒண்ணு இல்லை." அவளைத் திரும்பிப் பார்த்தேன். "தேவிகா, முதல் படத்தோட அளவையே ரெண்டாவதுக்கும் வெச்சுக் காட்டு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து தட்டினாள். படம் மேலேயிருந்து கீழே மெதுவாக மாறியது. இரண்டாவது விளக்கில் சிவப்பு கரைந்து மஞ்சளாகி, கழுத்துக்குள் நிமிர்ந்து நின்ற கெப்பாசிட்டர் பச்சையாக வந்து நின்றது. பக்கத்தில் முதல் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

டைரக்டர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "புவனா, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"படுக்க வெச்சா வேகும். அச்சை வெட்ட வேண்டாம்" என்றேன். முன்னாடி சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீட்டிங்கில், இரும்பு வெட்டுவதற்கு முன்னாடி.

"ஓகே லா. நிறுத்துங்க" என்றார். சேல்ஸ்காரர்கள் நக அளவுக்காகக் கொஞ்சம் முனகினார்கள். அருளானந்தம் சார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

மீட்டிங் முடிந்து தேவிகா என் அறைக்கு வந்தாள், கேன்டீனில் வாங்கிய கறிபாப் பலகாரத்தோடு. "அக்கா, அந்த விஷயத்தை எப்போ பார்த்தீங்க? நான் கவனிக்கவே இல்லையே."

"இப்பதான். அங்கேயே கண்ணுல பட்டுச்சு" என்றேன். கறிபாப்பையும் வாங்கிக்கொண்டேன்.

திருத்திய வரைபடத்தில் அச்சு வெட்டி, முதல் விளக்குகள் என் பெட்டிக்கு வந்தன. அன்றைக்குச் சூட்டு அறைக்கு வெளியே கூட்டம். கம்பியை ஒட்டினேன், ஓட்டையை அடைத்தேன், பெட்டியில் தொங்கவிட்டேன். எண் ஏறியது. ஏறி நின்றது. தேவிகா என்ன சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியும். மீட்டர் அதற்குப் பக்கத்திலேயே போய் நின்றது, எவ்வளவு முறைத்துப் பார்த்தும் நகரவில்லை. கம்பியை ஒரு சுண்டு சுண்டினால் போதும், எண் தள்ளிப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பொறாமைக்காரிதான். வாயால் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். மீட்டரில் பொய் சொன்னதில்லை.

அருளானந்தம் சார் டீயோடு வந்தார். தட்டை எடுத்து மீட்டரை மறைத்தார். நான் வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன். எனக்கும் ஒரு எண் இருந்தது, மீட்டரைப் போடுவதற்கு முன்பே மனசில் ஓட்டி வைத்தது.

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, தேவிகாவைக் கையால் உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளை, எவ்வளவு வருமெண்டு நினைக்கிறாய்?"

அவள் "தொண்ணூத்தி நாலு சார்" என்றாள். அவர் தட்டை எடுத்தார். தொண்ணூற்று ஐந்தில் நின்றது. "ம்" என்றார். வெளியே எல்லாரும் கைதட்டினார்கள். நான் பெட்டியின் கதவைத் திறந்து விளக்கைக் கழற்றப் போனேன். ஆறுவதற்கு முன்னால் தொட்டுவிட்டேன் போல, விரல் சுட்டுக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. எனக்கு இருந்த எண்ணும் தொண்ணூற்று ஐந்துதான். அதை யாரும் கேட்கவும் இல்லை.

புதுப் பிரிவுக்குத் தலைமை தேவிகா. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், போகிற வழியில் படித்தேன். அருளானந்தம் சார் ஓய்வு பெறுகிற நாளில் என்னைக் கூப்பிட்டு, "இனி எல்லாம் முன்னாடியே பார்க்கோணும், அதுக்குத்தான் அவளை வச்சனான். நீ கோவிக்காதே" என்றார். கோபமில்லை சார் என்றேன். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இரண்டு நாளில் போகும்.

அவளுக்குக் கீழே நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் வேலை பார்த்தேன். நல்ல தலைவியாக இருந்து தொலைத்தாள். ஒரு குறை சொல்ல முடியவில்லை. எந்தப் புது விளக்கு வந்தாலும் படம் போடுவதற்கு முன் என்னை உட்கார வைத்து, "அக்கா, உங்க எண்ணைச் சொல்லுங்க" என்பாள். சொல்வேன். அப்புறம்தான் கம்ப்யூட்டரை ஓட்டுவாள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஏன் என்று தேடுவோம். சில தடவை அவள் தப்பு, சில தடவை நான். அந்த வருஷங்களில் எங்கள் விளக்கு எதுவும் அச்சு வெட்டின பிறகு என் பெட்டியில் ஃபெயில் ஆனதாக ஞாபகம் இல்லை. வேலை என்று பார்த்தால் என் வாழ்க்கையின் நல்ல காலம் அதுதான். தினமும் வயிற்றெரிச்சலோடு வீட்டுக்குப் போன காலமும் அதுதான். பங்சார் பக்கம் பஸ் ஜாமில் நிற்கிற போதெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நிற்பேன். மறுநாள் காலையில் அவளுக்கும் சேர்த்து நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கிக்கொண்டு போவேன்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு நேற்று கவிதாவுக்கு போன் பண்ணினேன். கட்டுரை தயார், வந்து வாங்கிக்கொள் என்றேன். மனசு கேட்கவில்லை. கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளணும்.

"ஏம்மா, இதுக்கு நீங்க முதல்ல தேவிகாவைத்தானே கேட்டிருக்கணும்? என்னை எப்படிப் பிடிச்சீங்க?"

"மேடத்தைத்தான் ஆன்டி முதல்ல கேட்டோம்" என்றாள் கவிதா. "அவங்கதான் சொன்னாங்க. 'கம்ப்யூட்டர் வர்றதுக்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடியே புவனாக்கா அதைத் தலைக்குள்ளேயே போட்டுட்டு இருந்தாங்க. நான் அதுக்கு அப்புறம் வந்தவ. அவங்க பேர்ல வரட்டும்'னு சொல்லி, உங்க நம்பரையும் தந்தாங்க. உங்க கிட்ட சொல்லலையா?"

"இல்லை" என்றேன்.

போனை வைத்தேன். பாருங்கள், நான் இவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பற்றிப் போன மாதமே சொல்லி முடித்துவிட்டாள். அதிலும் அவள் முன்னாடி, நான் அப்புறம்.